பேரில்லாத ஸ்விட்ச்

ஏனுங்க,

எழுப்ப மனசு வரலை. அரிசிம்பருப்பு குக்கர்ல இருக்குது, சூடா சாப்புடுங்க.

"இதென்ன உன்ற கம்பெனி மோட்டார் பேனலா, தொடாத"ன்னு நேத்து சத்தம் போட்டீங்க. உங்க பொம்மை ரயில் பேனலைக் காலைல தொட்டுப்போட்டேன். பத்து வருசமா பேனல் வயரிங் பண்றவளுங்க நான். அத்தனையும் செவப்பு வயரா, நம்பர் இல்லாம கெடந்தா கை சும்மா இருக்குமா?

ஒவ்வொரு ஸ்விட்சா போட்டுப் பாத்து வயருக்கெல்லாம் நம்பர் மாட்டிட்டேன். ஸ்டேஷன்கிட்ட ரயில் தடம் மாறாததுக்குக் காரணம் ஒரு வயர் கழண்டதுதான். சரி பண்ணியாச்சு.

கடைசி ஸ்விட்சுக்கு நீங்க பேரே எழுதலை. அதைப் போட்டா எந்த ரயிலும் அசையலை. சும்மா கெடக்கற வயருன்னு வெட்டிப்போட்டேன். வெட்டினப்பதான் தண்டவாளத்தோரம் ஒரு குட்டி ஊட்டுல லைட்டு அணைஞ்சுது. குனிஞ்சு பாத்தா, வாசல்ல பச்சை ஸ்கூட்டி நிக்குது. என்ற ஸ்கூட்டியாட்டவே, முன்னாடி கூடையோட.

ஒருநாளும் சொல்லலையேங்க.

வயரை மறுபடி சேத்து ஈயம் வச்சுப் பத்த வச்சுட்டேன்.

கிருபா

மறந்துட்டேன்: அந்த ஸ்விட்சுக்குக் கீழ வெறும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறேன். பேரை நீங்களே எழுதுங்க. சாயங்காலம் நான் வாரப்ப அந்த ஊட்டுல லைட்டு எரியட்டுங்க.