பதினொரு மணி வெளிச்சம்

அத்தை,

இன்று காலை தேவகோட்டை வீட்டில் உங்கள் பீரோவைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், பாச்சை உருண்டை வாசத்தோடு, அந்தச் சாம்பல் நிறக் குளிர்கோட்டு மடித்து வைத்திருந்தது. மார்கழியிலும் மின்விசிறி போடுகிற ஊரில் அதை எதற்காக ஐந்து வருடம் வைத்திருந்தீர்கள்? கையில் எடுத்ததும் அந்தக் குளிர்காலம் முழுவதும் நினைவுக்கு வந்துவிட்டது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பிரசவத்துக்கு நீங்கள் வருவதில் எனக்கு விருப்பமே இல்லை. காரைக்குடியிலிருந்து என் அம்மா வருவதாகத்தான் இருந்தது. முழங்கால் அறுவை சிகிச்சையால் முடியாமல் போனது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் துணிக்கடையை மூன்று மாதத்துக்கு உங்கள் தங்கையிடம் விட்டுவிட்டு நீங்கள் கிளம்பினீர்கள். ஸ்வீடனின் வடகோடியில், உங்கள் மகன் வேலை பார்க்கும் சுரங்க ஊருக்கு நவம்பர் நடுவில் வந்து சேர்ந்தீர்கள். வந்த அன்றே என் அடுப்படியை மாற்றி அடுக்கினீர்கள். இன்னும் எத்தனை நாள் என்று நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

மூன்றாவது வாரத்தில் நீங்கள் மாறிப்போனீர்கள். டிசம்பரில் அங்கே சூரியன் எழுவதே இல்லை. நடுப்பகலில் இரண்டு மணி நேரம் கழுவின சிலேட்டு மாதிரி ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பத்து மணிக்குத் திரையை விலக்கி, "இன்னும் விடியலையாத்தா?" என்பீர்கள். "இம்புட்டுத்தான் அத்தை, இதுக்கு மேல விடியாது" என்பேன். முதலில் சிரித்தீர்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டீர்கள். ஊரில் கோழி கூவுமுன் எழுந்து வாசல் தெளிப்பவர், பகலெல்லாம் போர்வைக்குள் கிடந்தீர்கள். தலை வாரவில்லை. தோசையில் பாதி தட்டிலேயே கிடந்தது. ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நீங்கள் அழுதது எனக்குக் கேட்டது.

"அம்மாவுக்கு ஊரு ஞாபகம். டிக்கெட்டை மாத்தி அனுப்பி வச்சிருவோம்" என்றார் உங்கள் மகன். அது உங்கள் காதில் விழுந்துவிட்டது. அவர் வேலைக்குப் போனதும் என் கையைப் பிடித்தீர்கள்.

"என்னைய அனுப்ப வேணாம்னு அவன்ட்ட சொல்லுத்தா. பேரப்புள்ளையப் பாக்காமப் போனா ஊருல என்னன்னு சொல்லுவேன்? உடம்புக்கு ஒண்ணும் இல்ல. எந்திரிக்கத்தான் முடியல."

அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. அங்கே என் முதல் குளிர்காலத்தில், கடைக்குப் போகக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்தவள், இரண்டு மணி நேரம் எழவே இல்லை. உங்கள் மகனிடம்கூட அதைச் சொன்னதில்லை. அன்று உங்களிடம் சொன்னேன்.

"உனக்குமா?" என்றீர்கள். "ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"உங்க காதுக்கு வந்தா, எம்புள்ளைக்கு வாச்சவ சோம்பேறின்னு சொல்லுவீகன்னு பயம்."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றீர்கள். பிறகு இருவரும் சிரித்தோம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரப் பரிசோதனைக்கு உங்களையும் அழைத்துப் போனேன். நர்ஸம்மா ஆச்சரியப்படவே இல்லை. அங்கேயே பிறந்தவர்களுக்கும் இருட்டுக் காலத்தில் இந்தச் சோர்வு வரும் என்றார். உங்களை மருத்துவரிடம் அனுப்பினார். காலையில் பிரகாசமான விளக்கின் முன் உட்காரவும், வெளிச்சம் இருக்கும் நேரத்தில் தினமும் வெளியே நடக்கவும் சொன்னார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு, சேலைக்கு மேல் கோட்டும் செருப்புக்குப் பதில் முள் வைத்த பூட்ஸுமாகப் படியிறங்கினீர்கள். முதல் நாள் குப்பைத் தொட்டி வரைக்கும்தான். "போதுத்தா, மூஞ்சி விறைக்குது" என்று திரும்பிவிட்டீர்கள். அடுத்த வாரம் பஸ் நிறுத்தம். அப்புறம் உறைந்த ஏரிக்கரை. எட்டு மாத வயிற்றோடு நான் வழுக்காமலிருக்க என் கையைப் பிடித்திருந்தீர்கள். யார் யாரை நடத்திப் போனோம் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. கிளம்ப மாட்டேன் என்று நீங்கள் திரும்பிப் படுத்த நாட்களும் உண்டு. ஆனால் பொங்கலுக்கு முந்தைய வாரம் தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, நீங்களே வந்து என்னை எழுப்பினீர்கள்.

சூரியன் திரும்பிய நாளில் ஊரே மேட்டில் நின்றது. மலைக்குப் பின்னால் சின்னக் கீற்றாகத் தெரிந்தது. நீங்கள் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினீர்கள்.

"சூடே இல்லையேத்தா" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "இருக்கட்டும். வந்துருச்சுல்ல" என்றீர்கள்.

பத்து நாளில் உங்கள் பேத்தி பிறந்தாள். உங்கள் கையில்தான் முதலில் கொடுத்தேன்.

ஊர் திரும்பிய பிறகும் நீங்கள் விடவில்லை. குளிர்காலம் வந்தால், எனக்குப் பதினொரு மணி ஆகும்போது, கடையில் ஆள் நிற்க நிற்கப் போன் செய்வீர்கள். "வெளியில எறங்கிட்டியா?" "எறங்கிட்டேன் அத்தை." "பொய் சொல்லாத. நடக்குற சத்தம் கேக்கட்டும்." பனியில் நாலு எட்டு வைத்துக் காட்டிய பிறகுதான் போனை வைப்பீர்கள்.

இந்த வருட ஆவணியில் ஒரு மதியம் கடையிலேயே உங்கள் மூச்சு நின்றுவிட்டது. நவம்பரில் பதினொரு மணிக்குப் போன் அடிக்கவில்லை. நான்கு நாள் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. ஐந்தாம் நாள் உங்கள் மகனிடம், "எனக்கு முடியலங்க" என்றேன். அத்தனை வருடத்தில் அவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என் கோட்டை எடுத்து வந்து மாட்டிவிட்டார். இருவருமாக ஏரிக்கரை வரை போய்வந்தோம்.

அதே மாதம்தான் சிங்கம்புணரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்தாள். "தூக்கம் தூக்கமா வருதுக்கா. எனக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். கதவருகில் உட்கார்ந்த கதையை அவளிடம் சொன்னேன். உங்கள் கதையையும் சொன்னேன். நீங்கள் அனுமதிப்பீர்கள் என்று நினைத்தேன்.

இங்கே வந்து பத்து நாளாகிறது. தினமும் மூன்றரை மணிக்கு, அங்கே பதினொன்று ஆகும்போது, அவளுக்குப் போன் செய்கிறேன். இன்று அவளே முந்திக்கொண்டாள். "அக்கா, நான் எறங்கிட்டேன். நீங்க வெயில்ல சுகமா இருக்கீக, இல்ல?" என்று கேலி செய்தாள்.

திங்கட்கிழமை திரும்புகிறோம், அத்தை. அங்கே இன்னும் மூன்று வார இருட்டு மிச்சம் இருக்கிறது. போவதற்கு எனக்குப் பயமாக இல்லை.