காலியாக விட்ட வட்டம்

2017 ஆகஸ்ட் 5, சனி

தக்காளியை வேகவைத்து ஜாடியில் அடைக்கிற நாளாகப் பார்த்து வந்து நின்றாள் டெனிஸ். எதிர்வீட்டுக்காரிக்கு என் சமையலறையில் தனி நாற்காலியே உண்டு. வந்ததும் வராததுமாக, பள்ளி வாரியத் தேர்தலில் தான் நிற்கப்போவதாகவும் நானும் கூட நிற்கவேண்டும் என்றும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் டாக்டரிடம் ஃபோன் எடுக்கிற எனக்கு வாரியம் ஒரு கேடா?

அவள் சிரிக்கவில்லை. ஹேட்டியின் வகுப்பை மூடப்போகிறார்களாம். ஹேட்டி அவள் மகள், எட்டு வயது. பேச்சு அவ்வளவாக வராது. புது இடம் என்றால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தெருமுனைப் பள்ளியிலேயே ஒரு தனி வகுப்பு நடக்கிறது. அதை மூடிவிட்டு, நெடுஞ்சாலை தாண்டி ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் மாவட்ட மையத்துக்கு பஸ்ஸில் அனுப்புவார்களாம்.

“அஞ்சு பேர் வாரியத்துல நான் ஒருத்தி மட்டும் போய் என்னடி பண்றது? ஒருத்தர் தீர்மானம் கொண்டுவந்தா இன்னொருத்தர் வழிமொழியணும். இல்லன்னா அது ஓட்டுக்கே வராது. ரெண்டு இடம் காலியாகுது. நாம ரெண்டு பேரும் போவோம்.”

சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று யோசிப்பதற்குள் தக்காளி அடிப்பிடித்துவிட்டது.

செப்டம்பர் 17, ஞாயிறு

வீடு வீடாக ஏறி இறங்கிக் கால் வீங்கிவிட்டது. ஆனால் பிடித்திருக்கிறது! கதவைத் திறந்ததும் “நீ கோவாக் வீட்டுப் பொண்ணுதானே?” என்கிறார்கள். பாதி ஊர் எங்கள் சர்ச், மீதி ஊர் அண்ணன் ஸ்டானோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தது. டெனிஸுக்கு இங்கே சொந்தமென்று ஒரு ஈ காக்கை கிடையாது. ஆறு வருஷம் முன்பு குடிவந்தவள். அவளை என் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்துவதுதான் என் வேலை.

வாசலில் நடுகிற தேர்தல் பலகை வந்துவிட்டது. ஒரே பலகையில் இரண்டு பேர். அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே. அகரவரிசையாம். இருக்கட்டும்.

அக்டோபர் 9, திங்கள்

வேட்பாளர் கூட்டத்தில் டெனிஸ் பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கும் தட்டினார்கள், உட்கார்ந்தபடியே.

அக்டோபர் 22, ஞாயிறு

ஸ்டான் வீட்டில் மதியச் சாப்பாடு. புதுக் குடியிருப்புகளில் எல்லாம் டெனிஸ் பேச்சுதானாம், ஒரு இடம் அவளுக்கு நிச்சயமாம். மீதி ஒன்றுக்கு எனக்கும் கேரி ஹ்யூலெட்டுக்கும் இழுபறி. வகுப்பை மூடு, வரியைக் குறை என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் அந்த ஹ்யூலெட்.

ஸ்டான் வாயில் பியரோகி கொழுக்கட்டையை வைத்துக்கொண்டே சொன்னான்: “ரெண்டு இடத்துக்கு ஆளுக்கு ரெண்டு ஓட்டு இருக்குன்னா ரெண்டையும் போட்டே ஆகணும்னு சட்டமா? நம்ம ஆளுங்க ஓட்டுச் சீட்டுல உன் பேருக்கு நேரா மட்டும் வட்டத்தை நிரப்பட்டும். இன்னொண்ணைக் காலியா விடட்டும். அவளுக்குப் போடற ஒவ்வொரு ஓட்டும் உன்னைத்தான் கீழ தள்ளும். யூனியன்ல நாங்க எத்தனை தடவை பண்ணியிருக்கோம்!”

அதெல்லாம் வேண்டாம் என்றேன். கேக் வந்தது. காபி வந்தது. கிளம்பும்போது வாசலில் வைத்து மறுபடி கேட்டான்: “என்ன, சொல்லிடவா?”

அவளுக்குத்தான் நிச்சயமாயிற்றே. நானும் உள்ளே போனால்தானே அவளுக்கு வழிமொழிய ஆள்? அவளுக்காகத்தானே?

சொல்லிக்கோ என்றேன்.

நவம்பர் 7, செவ்வாய்

காலையில் டெனிஸும் நானும் ஒன்றாகத்தான் ஓட்டுப் போடப் போனோம். பக்கத்துப் பக்கத்து மறைப்பு. அவள் பேனா காகிதத்தில் தேய்கிற சத்தம் கேட்டது. ஒரு முறை, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முறை.

நான் ஒரு வட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏன்? ஸ்டான் ஆட்கள் செய்தது போதாதா? அந்த நிமிஷத்தில் எனக்கு வேண்டியிருந்தது. என் பெயர் மேலே வரவேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 8, புதன்

ஜெயித்துவிட்டேன். முதலிடம். இரண்டாவது ஹ்யூலெட். டெனிஸ் முப்பத்தொரு ஓட்டில் தோற்றுப்போய்விட்டாள்.

முப்பத்தொன்று. சர்ச்சில் எங்கள் பக்கத்து நான்கு வரிசை பெஞ்சை எண்ணினால் அதைவிட அதிகம் வரும்.

சாயங்காலம் தானே சுட்ட ஆப்பிள் பையோடு டெனிஸ் வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு, “நீயாவது உள்ள இருக்கியே, அது போதும்டி” என்றாள். பாவி, நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

நவம்பர் 23, வியாழன். நன்றித் திருநாள்

எழுதாவிட்டால் தூங்க முடியாது.

அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று டெனிஸையும் ஹேட்டியையும் நான்தான் விருந்துக்குக் கூப்பிட்டேன். ஸ்டான் வான்கோழியை அறுத்தபடி கதை அளக்க ஆரம்பித்தான். நான் மேஜைக்கடியில் உதைத்தேன். உதை வாங்கியது அண்ணி.

“நம்ம கூட்டம் கில்லாடிக் கூட்டம். சொன்னா சொன்னபடி ஒரே ஒரு வட்டம்! ஒருத்தன்கூட ரெண்டாவதைத் தொடலையே!” அப்புறம்தான் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவனுக்கு உறைத்தது. கத்தி பாதி இறைச்சியில் அப்படியே நின்றுவிட்டது.

டெனிஸ் ஹேட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்த உருளைக்கிழங்கை ஊட்டி முடித்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். கோட்டை மாட்டிவிட்டாள். அண்ணியிடம் வால்நட் ரோல் ரொம்ப நன்றாயிருந்தது என்றுகூடச் சொன்னாள். நான் வாசல்வரை பின்னாலேயே ஓடினேன்.

“நீயும் ஒண்ணுதான் போட்டியா?”

நான் ஹேட்டியின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடக் குனிந்தேன். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஐயோ, பொய்யாவது சொல்லியிருக்கலாமே. என்ன பொம்பள நான்?

டிசம்பர் 3, ஞாயிறு

எதிர்வீட்டு வாசலில் பலகை இல்லை. என் வீட்டுப் பலகையைப் பிடுங்கி கராஜில் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

2018 மார்ச் 12, திங்கள்

இன்றைக்குத்தான் அந்த வகுப்பு விஷயம் வந்தது. பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். டெனிஸ் பேசினாள். என்னைப் பார்க்கவில்லை, தலைவி வேன்ஸ் அம்மாளைப் பார்த்தே பேசினாள். மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பைத் தொடர வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

“வழிமொழிய யாராவது?” என்றார் வேன்ஸ் அம்மாள்.

ஹ்யூலெட் கண்ணாடியைத் துடைத்தான். அந்தப் பக்கம் இருந்த பெண் காகிதத்தைப் புரட்டினாள். கிழவர் ப்ரூயிட் கூரையைப் பார்த்தார். சூடேற்றும் குழாய் கடகடவென்று சத்தம் போட்டது. டெனிஸ் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி என் இடது பக்கம். அதில் ஹ்யூலெட்.

“வழிமொழிய ஆளில்லை. தீர்மானம் விழுந்தது. அடுத்தது, பார்க்கிங்.”

வெளியே ப்ரூயிட்டைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். சங்கடத்தோடு தொப்பியைத் திருகினார். “இங்க பாரும்மா, இத்தனை வருஷத்துல நான் எதையும் முன்மொழிஞ்சதும் இல்ல, வழிமொழிஞ்சதும் இல்ல. நமக்கெதுக்கு வம்பு. ஆனா வேற யாராவது வழிமொழிஞ்சிருந்தா கையத் தூக்கியிருப்பேன். அந்தப் பொண்ணு பேசினது என்னவோ பண்ணிடுச்சு.”

அவர், நான், டெனிஸ். மூன்றுக்கு இரண்டு. காரில் ஏறிச் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 22, புதன்

பள்ளி திறந்தது. இன்னும் இருட்டு விலகவில்லை, எதிர்வீட்டின் முன் சின்ன பஸ். ஹேட்டி காதைப் பொத்திக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். டெனிஸும் கூட உட்கார்ந்தாள். டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். போய் உதவலாமென்று கதவைத் திறந்தேன். டெனிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கதவை மூடிக்கொண்டேன்.

2019 செப்டம்பர் 15, ஞாயிறு

இந்த முறை மூன்று இடம். டெனிஸ் நிற்கிறாள், தனியாக. ஸ்டான் தன் வாசலில் அவள் பலகையை நட்டிருக்கிறான். யாரும் கேட்கவில்லை. ஏன் என்றால், “போடி வேலையப் பாத்துக்கிட்டு” என்கிறான்.

நவம்பர் 5, செவ்வாய்

மூன்று ஓட்டு இருந்தது. டெனிஸ் பெயருக்கு நேரே வட்டத்தை நிரப்பினேன். மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். பெட்டியில் போடும்போது யாருக்கோ பதில் சொன்ன மாதிரி இருந்தது. யாருக்கு? அவளுக்குத் தெரியப்போவதில்லை.

நவம்பர் 6, புதன்

ஜெயித்துவிட்டாள். ப்ரூயிட்டும் தப்பித்துக்கொண்டார். ஆப்பிள் பை சுட்டேன். எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டக் கால் வரவில்லை. நாங்களே தின்றோம், ஸ்டானும் நானும்.

2020 ஜனவரி 13, திங்கள்

இப்போது டெனிஸின் நாற்காலி மேஜையின் அந்தக் கோடி. எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள், எனக்கும்.

பழைய தீர்மானத்தையே மறுபடி கொண்டுவந்தேன். தனி வகுப்பை வரும் ஆகஸ்டிலிருந்து தெருமுனைப் பள்ளியிலேயே திரும்பத் தொடங்கவேண்டும். வழிமொழிய யாராவது என்று வேன்ஸ் அம்மாள் கேட்டார். ஹ்யூலெட் கண்ணாடியைத் துடைத்தான். ப்ரூயிட் கூரையைப் பார்த்தார். அதே குழாய்ச் சத்தம்.

“வழிமொழிகிறேன்.”

என்னைப் பார்க்காமல், முன்னாலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துச் சொன்னாள். ப்ரூயிட் கை தூக்கினார். மூன்றுக்கு இரண்டு.

வெளியே அவள் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னிடமும் ஒரு சுரண்டி இருந்தது. மறுபக்கத்தை நான் சுரண்டினேன். தடுக்கவில்லை.

“ஆகஸ்ட்ல ஹேட்டி இங்கயே வந்துடலாம்” என்றேன். ஏதாவது பேசவேண்டுமே.

“ஜூனோட அவளுக்கு அஞ்சாவது முடியுது. அடுத்தது நடுநிலைப் பள்ளி. இந்த வகுப்பு அவளுக்கு இல்ல, இனிமே வர்ற புள்ளைங்களுக்கு.” கதவைத் திறந்தாள். “ரோடு வழுக்குது. பாத்துப் போங்க.”

அவள் கார் முன்னே போயிற்று, என் கார் பின்னே. ஒரே தெருதான். அவள் வாசலில் விளக்கு எரிந்து, அணைகிறவரை நான் காரிலேயே இருந்தேன்.