மிளகாய் நெடியடித்த மாஸ்க்குகள்

நேற்று மருந்துக்கடைக்கு மாஸ்க் வாங்கப் போனேன். மறுபடியும் ஏதோ காய்ச்சல் பரவுகிறதாம். கடைக்காரர் நீட்டிய பாக்கெட்டைப் பிரித்து, என்னையறியாமல் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். பழைய சரக்கோ என்று சந்தேகப்படுகிறேன் என நினைத்து, "நயா மால் ஹை, ஆன்ட்டிஜி" என்றார் அவர். மிளகாய் நெடி அடிக்கிறதா என்று பார்த்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல முடியும். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

டெல்லி முனிர்காவில் உன் வீடு இரண்டாம் மாடி, என்னுடையது அதற்கு நேர் கீழே. திருநெல்வேலிக்குப் போய்விட்டு நீ ரயிலில் திரும்பும் நாளில், உன் மூட்டைகளை ஏற்றுவதற்கு நான் கீழே வந்து நிற்க வேண்டும். நல்லெண்ணெய், கருப்பட்டி, புளி எல்லாம் ஒரு வருடத்துக்குக் காணும். "ஏண்டி, டெல்லியில புளியே கெடைக்காதா?" என்று கேட்டால், "இங்க விக்கது புளியாட்டி?" என்பாய்.

எங்கோ சீனாவில் வைரஸ் என்று பேப்பரில் ஓரமாகச் செய்தி வந்தபோதே நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. ஒவ்வொரு நவம்பரிலும் புகைமூட்டத்துக்காக அவருக்கு மாஸ்க் வாங்கும் கடையில், இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்தாய். கூடவே கையுறை, சானிடைசர், காய்ச்சல் மாத்திரை. "சண்டைக்காடி போகப் போறோம்?" என்று நான் சிரித்தேன். நீ ஸ்டூல் போட்டு ஏறி, எல்லாவற்றையும் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தாய்.

பிறகு ஊரடங்கு வந்தது. கடைகளில் மாஸ்க் இல்லை. என் மகள் அப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தாள். ஒரே ஒரு மாஸ்க்கைக் கொடுத்து, வாரம் முழுக்க ஓட்டச் சொல்லியிருந்தார்கள். அதை அவள் காகிதப் பையில் போட்டு ஆணியில் மாட்டும்போதெல்லாம் என் கண் தானாக மேலே, உன் வீட்டுப் பக்கம் போகும். உன் பரணில் மாஸ்க் இருந்தது. ஆனால் அது அண்ணனுக்கு என்று நீ வாங்கியது. மூச்சுக்குத் திணறுகிற மனிதருடையதை எந்த வாயால் கேட்பது? பால்கனியில் நின்று நாம் எல்லாவற்றையும் பேசினோம், அதைத் தவிர.

ஒரு சாயங்காலம், காய்க்காரருக்கு நீ கூடை இறக்கும் கயிற்றில் ஒரு துணிப்பை இறங்கி வந்து என் கண்முன்னால் ஆடியது. உள்ளே அத்தனை மாஸ்க்கும். நிமிர்ந்து பார்த்து, "அண்ணனுக்கு?" என்றேன்.

"அவுக உள்ளயே கெடக்கட்டும். உள்ள இருக்கவுகளுக்குக் கதவு போதும். வெளிய போறவளுக்குத்தாம் இது வேணும், பாத்துக்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அதற்குள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

மறுநாள் அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போனவள் மதியமே திரும்பி வந்தாள், கண்ணும் மூக்கும் சிவந்து. "அம்மா, கேட்லயே தும்மல் நிக்கல. கார்ட் பையா என்னை நேரா ஃபீவர் லைன்ல கொண்டுபோய் நிறுத்திட்டார். இதுல என்ன மிர்ச்சியா?" என்றாள். உனக்கு போன் செய்தேன். நீ கொஞ்சமும் அசரவில்லை. "பின்ன, பூச்சி அரிக்காதா? அரிசிக்குப் போடுத மாதிரி மொளகா வத்தலும் வேப்பிலையும் போட்டுத்தாம் வச்சேன்." ஊரடங்கு தொடங்கியபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நெடி போக மாஸ்க்குகளைக் கொடியில் வரிசையாக மாட்டி வெயில் காட்டினோம். எதிர் ப்ளாக் பஞ்சாபி அம்மாள், "பாபட் ஹை க்யா?" என்று கேட்டாள், நாம் அப்பளம் காயப்போட்டிருப்பதாக நினைத்து.

சிரித்தாலும் பயம் விடவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை நீ இடுப்பில் செருகிக்கொண்டாய். பால் வாங்கக்கூட அண்ணனை விடவில்லை. ஆனாலும் அவர் இருமல் என் தலைக்கு மேல் கேட்டால், செய்துகொண்டிருக்கும் வேலையில் என் கை நின்றுவிடும். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒரு நாள் போனில் கேட்டே விட்டேன். "அப்பிடி ஏதும் ஆனா பாப்போம். உம் மவ இருக்காள்லா" என்றாய்.

மறு வருடம் அந்த வைரஸ் உங்கள் வீட்டுக்கும் வந்தே விட்டது. ஆஸ்பத்திரிகளில் இடமே இல்லாத நாட்கள். என் மகள் டியூட்டி முடித்து வந்து நேராக மாடி ஏறுவாள். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் மீட்டரை மாட்டி, முதுகைத் தட்டிக்கொடுத்து உட்கார்ந்திருப்பாள். அண்ணன் பிழைத்து எழுந்து, ரசம் வேண்டும் என்று கேட்ட அன்று, அவளைக் கட்டிக்கொள்ளப் போன நீ பாதியில் நின்று கையை மட்டும் ஆட்டினாய்.

அந்தக் காலத்தையெல்லாம் தாண்டிவந்த நீ, போன தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாய். நெஞ்சுவலி என்றார்கள். யாருக்கும் எதையும் செய்ய வாய்ப்பே தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போதும் தலைக்கு மேல் அண்ணனின் இருமல் கேட்கிறது. என் கை நிற்பதில்லை. தட்டைப் போட்டுவிட்டு, "சாப்பிட வாங்கண்ணே" என்று குரல் கொடுக்கிறேன். "வாரேம்மா" என்று பதில் வருகிறது. மகள் வீட்டில் இருந்தால் மாடி ஏறிப்போய்க் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வருகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறார். நீ ஒன்றும் கவலைப்படாதே, அவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.