நானூறு பேர் பார்த்த கடிதம்

நாகப்பட்டினம்
5.8.2024

அன்புள்ள செந்தாமரைக்கு,

நீ அனுப்பிய மைப்பேனாவில்தான் எழுதுகிறேன். மீன் விற்றுவிட்டு வந்து, எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவினால்தான் அதைத் தொடவே மனசு வரும். நிப் தாளில் வழுக்கிக்கொண்டு போகும்போது அன்றைய அலுப்பெல்லாம் போய்விடுகிறது. வாயால் சொல்ல முடியாததும் அதில் வந்துவிடுகிறது.

என் பெண் பிரதீபா வந்துவிட்டாள். இனி புருஷன் வீட்டுக்குப் போகமாட்டாள். அவன் குடித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டிலேயே வாந்தி எடுப்பானாம். அதைக் கழுவி, அதே தட்டில் இவளைச் சாப்பிடச் சொல்லுவாளாம் மாமியார். ஏழு மாதமாக இது தெரியாமல் நான் வெட்கமில்லாமல் சம்பந்திக்குக் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அவளுடைய நர்சிங் சான்றிதழ்கள் அந்த வீட்டு பீரோவில் இருக்கின்றன. ஆடிக்கு அழைத்து வந்ததாகத்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். 18ஆம் தேதி, கொண்டுவிடப் போவதுபோலப் போய் எடுத்துவந்துவிடுவோம். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே.

உன்
கமலவல்லி

கும்பகோணம்
14.8.2024

அன்புக் கமலா,

உன் கடிதம் கிடைத்தது. அடடா, அந்த நீலம்! மை கனத்த இடத்தில் மயில்கழுத்து மாதிரி மின்னுகிறது. ஆசை தாங்காமல் வந்த அன்றே படம் எடுத்து எங்கள் பேனாக் குரூப்பில் போட்டுவிட்டேன். நானூறு பேர் பார்த்துவிட்டார்கள். என்ன நிப், என்ன தாள் என்று ஒரே கேள்வி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிரதீபா சௌக்கியந்தானே? அவளுக்கு என் அன்பு.

செந்தாமரை

நாகப்பட்டினம்
17.8.2024

செந்தாமரை,

உன் கடிதமும் சம்பந்தியம்மாள் போனும் ஒரே நாளில் வந்தன. உன் குரூப்பில் இருக்கும் ஒருவர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன். சான்றிதழ்களை அடுப்பில் போட்டாயிற்று என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் பெண் தின்ற எச்சில் தட்டை ஊருக்கே காட்டிவிட்டு, மை மின்னுகிறது என்கிறாயே. அந்த மாமியார்க்காரியைவிட உன்னை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கமலவல்லி

கும்பகோணம்
21.8.2024

கமலா,

சத்தியமாகச் சொல்கிறேன், கெட்ட எண்ணமே இல்லை. நான் அதை முழுசாகப் படிக்கவே இல்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று வைத்துவிட்டேன். குரூப்பிலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள், நாங்கள் எல்லாம் மையைத்தான் பார்ப்போம். படத்தை எடுத்துவிட்டேன். மன்னித்துவிடு. ஒரு வரி எழுது.

செந்தாமரை

நாகப்பட்டினம்
6.9.2024

செந்தாமரை,

நீ படித்துவிட்டுப் போட்டாய் என்று நினைத்திருந்தேன். அதையாவது என்றைக்காவது மன்னித்திருப்பேன்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் புகார் மனு எழுதினேன். பிரதீபா டைப் அடித்துத் தருகிறேன் என்றாள், நான்தான் கையால் எழுதினேன். நாலு பக்கம். நிப் எழுத எழுத மனசு திடமானது, அந்தச் சுகத்தை உன்னால்கூடக் கெடுக்க முடியவில்லை.

ஏட்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்கள். முடித்துவிட்டு, "புள்ள இப்ப சாப்பிடுதா?" என்று கேட்டார்கள். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கமலவல்லி