பூப்போட்ட துணி கட்டிய கேன்

அன்பு மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுமானால் முதலில் எழுந்து போய் கார் சாவியை உன் அறைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வா, பிறகு மேலே படி. சனிக்கிழமை சாமான் வாங்க அந்த வண்டியில் மலை இறங்கக் கூடாது. பக்கத்தில்தானே என்று தண்ணீர் டேங்க் வரைக்கும்கூட எடுக்கக் கூடாது. மண் சரிந்து டவர் சாய்ந்ததிலிருந்து உன் போன் கிடைக்கவில்லை, இருபது தடவை அடித்துப் பார்த்தாயிற்று. அதனால்தான் நாளைக் காலை நீ வேலை பார்க்கும் அணைக்கட்டுக்கு சிமெண்ட் ஏற்றிப் போகும் நம் லாரி மாமா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. ஜாக் நழுவி என் வலது கைப் பெருவிரல் நசுங்கியிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிள்ளை என்றாலும் எழுத்து குண்டு குண்டாக இருக்கிறது பார். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நான் நாலு போல்ட்டைக் கழற்றிவிடலாம், எழுதச் சொன்னால் மட்டும் கை நிற்காமல் ஓடுகிறது.

விஷயம் இதுதான். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் உன் வண்டிக்கு கியர் ஆயில் மாற்றினேன் அல்லவா, அது தப்பான ஆயில். பட்டறையில் இரண்டு கறுப்பு கேன் இருப்பது உனக்குத் தெரியும். ஆயில் பட்டுப் பட்டு எழுத்து அழிந்துவிடுகிறது என்று துணி கட்டி வைத்திருக்கிறேன். சாதா ஆட்டோமேட்டிக் வண்டிக்கு உள்ள கேனில் என் பழைய கட்டம் போட்ட சட்டைத் துண்டு, உன் வண்டி மாதிரி பட்டை ஓடுகிற கியர் பெட்டிக்கு உள்ள கேனில் அம்மாவின் பூப்போட்ட தலையணை உறைத் துண்டு. இன்று காலை பட்டறைக்கு வந்த ஒரு டாக்டரின் வண்டிக்காகப் பூத்துணி கேனிலிருந்து தட்டில் கொஞ்சம் ஊற்றினேன், சிவப்பாக விழுந்தது. பட்டை வண்டிக்கு உள்ளது நம்மிடம் பச்சையாக அல்லவா இருக்கும். உன் வண்டிக்குப் பம்பு வைத்துக் கறுப்புக் குழாயில் ஏற்றியதால் அன்றைக்கு நிறம் கண்ணில் படவில்லை. டிரம்மிலிருந்து கேன்களை நிரப்புகிறவன் நான் ஒருவன்தான், ஆகவே மாற்றி ஊற்றியதும் நான்தான். முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. கவனம் போய்விட்டது போலிருக்கிறது, பட்டறையை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றுகூடக் காலையிலிருந்து யோசிக்கிறேன். அம்மாவோ, "பொண்ணு எப்படி இருக்கான்னு ஒரு வரி கேக்காம கியர் பெட்டியைக் கேட்டுட்டு இருக்காரே இந்த மனுஷன்" என்று அடுப்படியிலிருந்து திட்டுகிறாள். அவளுக்கு எங்கே தெரியும், உன் வண்டியில் இரும்புப் பட்டை இரண்டு புல்லிகளைக் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது, அந்தப் பிடிமானமே ஆயிலில்தான் இருக்கிறது. பட்டை வழுக்கினால் ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. இறக்கத்தில் கியர் பிடித்து நிறுத்தாது, பிரேக் ஒன்றுதான் துணை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் நீ இறங்குவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சீல் உடைக்காத டின்கள் ஆறு அனுப்புகிறேன். ஒரு தடவை இறக்கினால் பாதிதான் வெளியே வரும், ஆகவே எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு ஊற்றி, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி இறக்கி மறுபடி ஊற்ற வேண்டும். அங்கே கடையில் 'எல்லா வண்டிக்கும் ஏற்றது' என்று போட்ட டின்னை நீட்டுவார்கள், வாங்காதே. நிறத்தையும் நம்பாதே, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயர் டின்னிலும் இருக்க வேண்டும். உங்கள் ஜெனரேட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடலாம், ஆனால் அவர் எதையாவது ஊற்றிவிடுவாரோ என்று அதுவும் பயமாக இருக்கிறது.

அக்கா, இது நான். வாசலில் ஹாரன் கேட்டு அப்பா எழுந்து போயிருக்கிறார். அப்பா மாற்றி ஊற்றவில்லை. நீ வருவதற்கு முன்னால் பட்டறை சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாத் துணியையும் அவிழ்த்துத் துவைத்தேன். காய்ந்ததும் ஞாபகத்தில் கட்டினேன். துணியை மாற்றிக் கட்டியது நான். காலையிலிருந்து சொல்லப் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன். கண்ணைக் காட்ட வேண்டும், மறதி வந்துவிட்டது என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நிற்கிறேன். வந்துவிட்டார்.

எழுதியது போதும், முழுக்க வாசித்துக் காட்டு என்கிறார். எந்தக் கடிதத்தையும் வாசிக்கச் சொல்லாமல் அவர் ஒட்டமாட்டார், உனக்கே தெரியும்.

வாசித்துவிட்டேன் அக்கா. என் பத்தியைத் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன், குரல் தானாக அங்கே நின்றுவிட்டது, பிறகு அதையும் வாசித்தேன். "அப்ப எனக்கு மறதி இல்லையா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். "இதைச் சொல்ல உனக்கு ஒரு காகிதம் வேணுமா, கழுதை" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா, "மூடியைத் திறந்து பாக்காம துணியை நம்பி ஊத்தினது யாராம்?" என்றாள். இனி அப்பா சொல்வதை எழுதுகிறேன்.

மகளே, ஜெனரேட்டர் மெக்கானிக் வேண்டாம். உன் தங்கச்சியையே அனுப்புகிறேன். லாரி மாமாவோடு அத்தையும் வருகிறாள், அதனால் வழியைப் பற்றிக் கவலையில்லை. டின்களும், ஆயில் இறக்கும் போல்ட்டுக்குப் புது வாஷரும் அவள் பையில் இருக்கின்றன. தனியாக ஒரு வண்டியும் செய்ததில்லை என்று இப்போதே முகம் வெளுத்து உட்கார்ந்திருக்கிறாள். வந்து நின்றால் பேசமாட்டாள், இந்தக் கடிதத்தைத்தான் நீட்டுவாள். திட்டாதே, வண்டிக்குக் கீழே படுத்ததும் சரியாகிவிடுவாள். வேலை முடிந்து அவள் தலையாட்டும்வரை நீ ஸ்டார்ட் செய்யாதே. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். தோழியிடம் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கி, உன் எதிரில் நிற்கிறவளிடம் கொடு.

இடது கையால் ஒப்பமிடும்,
உன் அப்பா