கறுக்கறது கடலுக்கு ஆவாது

இன்று ராத்திரிச் சாப்பாட்டில் நைனா தன் தட்டிலிருந்த வஞ்சிரத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். அவர் கட்டைவிரல் நகத்தின் அடியில் வெள்ளிச் சாயம் ஒட்டியிருந்தது. ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த அந்த நாற்றம் மீனிலும் ஏறிவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் அதைத் தின்றேன். பிறகு பின்கட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் வாந்தி எடுத்தேன். நீ போய் இன்றோடு பதினோரு நாள்.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். விளக்கைச் சுற்றிப் புத்தக அட்டைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நைனா இருமினால் என் கை நின்றுவிடுகிறது. இதை நீ படித்திருந்தால், "இன்னாடி தொரசாணி, பக்கத்துத் தெருவுக்கு லெட்டரா?" என்று சிரித்திருப்பாய்.

ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நான் மிஷன் பள்ளிக்கூடத்திலேயே மேலே படித்தேன். நீ எங்கள் வார்ப்புப் பட்டறையில் பழைய அலுமினியம் பிரிக்க வந்தாய். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகப் பட்டறையின் பின்வாசலுக்கு வருவேன். நீ சாக்கு விரித்து, மூன்று கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாய். ஒவ்வொரு துண்டையும் அரத்தால் ஒரு தேய்ப்பு தேய்ப்பாய். சவுக்காரம் காய்ச்சுகிறவர்கள் போடும் காஸ்டிக் காரத்தைக் கரைத்து ஒரு புட்டியில் வைத்திருப்பாய். ஈர்க்குச்சியால் அதில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்த இடத்தில் வைப்பாய். அது நுரைத்து அடங்கும் வரை வாயோயாமல் பேசுவாய்.

"வெளுத்தா சட்டி, சாம்பலா கீதுன்னா கப்பலு, கறுத்தா மோட்டாரு. அவ்ளோதான் வேல. இதுக்கு இன்னாத்துக்கு அஞ்சாங்கிளாசு?"

நான் வகுப்பு டீச்சரிடம் கேட்டு வந்து உனக்குச் சொன்னேன். கலப்பில்லாத அலுமினியம் வெளுப்பாகவே நிற்கும், அது தகடாக அடித்துப் பாத்திரம் செய்ய ஏற்றது. மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கன் சேர்ந்திருந்தால் சாம்பல் நிறம் வரும், உப்புக்காற்றையும் அது தாங்கும். செம்பு சேர்ந்திருந்தால் கறுக்கும். அது கெட்டியானதுதான், மோட்டார் எஞ்சினுக்கு நல்லது, ஆனால் கடல் தண்ணீர் பட்டால் உள்ளே அரித்துவிடும். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதத்தானே நானும் சொன்னேன். கறுக்கறது கடலுக்கு ஆவாது. நீ அரமணி நேரம் சொல்ற" என்றாய். எங்கள் வீட்டில் அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதைப் பார்த்து, "ராவெல்லாம் சட்டி குழம்பக் குடிக்கும், காலைல நீங்க சட்டியக் குடிப்பீங்க. கலீஜ்!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கரி போடும் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தபோது அதை நைனாவுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான். கரிப்படகின் ஓரத்தில் கூலிப்பெண்கள் கூடையோடு நடக்கப் பலகை போட வேண்டும். அந்தப் பலகைக்குப் பன்னிரண்டு தாங்கிகள் வேண்டும். இடம் மாற்றித் தூக்குவதற்கு லேசாக இருக்க வேண்டும் என்பதால் இரும்பு வேண்டாம், அலுமினியம் போதும். ஆனால் உப்புத் தண்ணீர் படும் இடம், ஆகவே செம்பு கலவாத, சிலிக்கன் சேர்த்த உலோகத்தில்தான் வார்க்க வேண்டும். அதற்கான கட்டிகளைக் கம்பெனியே அனுப்பியிருந்தது. நைனா அந்தக் கட்டிகளை வேறு யாருக்கோ தள்ளிவிட்டார். உன் மூன்றாவது கூடையை, அந்தக் கறுக்கும் மோட்டார்த் துண்டுகளை, மூசையில் கவிழ்த்து உருக்கினார்.

வார்த்து வந்த தாங்கிகளின் பிசிறை அரத்தால் தேய்க்கும்போது நீ வழக்கம்போல் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாய். பன்னிரண்டும் கறுத்தன. ஒரு தாங்கியின் முனையில் மிச்சமாக நீண்டிருந்ததை விரல் நீளத்துக்கு அறுத்து என்னிடம் காட்டினாய். "உங்க நைனா கூடைய மாத்திக் கலந்து அட்ச்சிட்டாரா? இல்ல தெரிஞ்சேதான் அட்ச்சாரா? நீ கேளேன்."

நான் கேட்டேன். அதை எப்படிக் கேட்டேன் என்று உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். கவலைப்பட்டுக் கேட்கவில்லை. எனக்கும் பட்டறை வேலை தெரியும் என்று காட்டிக்கொள்ளச் சாப்பாட்டு வேளையில் பெருமையாகக் கேட்டேன். நைனா சிரித்தார். "எங் கண்ணு இவ்ளோ விசயம் தெரிஞ்சி வச்சிகீதா? யாரு சொல்லிக் குட்த்தது?" என்றார். நான் உன் பேரைச் சொன்னேன். மறுநாள் காலையில் உன் சாக்கையும் புட்டியையும் எடுத்துத் தெருவில் போட்டுவிட்டார். அன்று மாலை பன்னிரண்டு தாங்கிகளும் வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு வெயிலில் காய்ந்தன. கோயில் வாகனம் மாதிரி மின்னின. என்னுடைய வாயை நினைத்தால் அந்தக் காரத்தையே ஊற்றிக் கழுவலாம் போலிருக்கிறது.

உனக்குக் கோபமே வரவில்லை. "வுடு. எங்கம்மா கூட கரிக்கூடை தூக்கப் போறேன். அதுவும் கூடைதானே" என்றாய். போகும்போது அந்த அறுத்த துண்டை என் கையில் வைத்து அழுத்தினாய். "வச்சிக்கோ. மேல இன்னா பூசினாலும் உள்ள கறுப்பு கறுப்புதான்."

ஒரு மழைக்காலம்கூட அந்தத் தாங்கிகள் நிற்கவில்லை. நீ நடந்த பலகையின் கீழேதான் முதல் தாங்கி முறிந்தது. உன்னைக் கொண்டுவந்தபோது என்னை வெளியே விடவில்லை. முறிந்த பாதியைப் பட்டறையில் பார்த்தேன். சாயத்துக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்து, முறிந்த இடம் சொத்தைப் பல்லைப்போல் குழிகுழியாக இருந்தது. நைனா அதை அப்படியே மூசையில் போட்டார். "பொண்ணு கால் வழுக்கி வுழுந்துச்சு. கடல்னா அப்டிதான். யாரு இன்னா பண்றது?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாய்தான் என்னைக் கண்ணு என்று கூப்பிடுகிறது.

மீதிப் பதினொன்றும் இன்னும் படகில்தான் இருக்கின்றன. உங்கம்மா எட்டாம் நாளே கூடையைத் தூக்கிவிட்டாள். நேற்றுக் காலை தெருமுனையில் என்னைப் பார்த்து நின்றாள். உடம்பெல்லாம் கரி, கண் மட்டும் சிவப்பு. "பாப்பா, அவதான் பூட்டா. நீயாச்சும் நல்லா படி" என்று என் கன்னத்தைத் தொட்டாள். கன்னத்தில் பட்ட கரியை நான் துடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா துடைத்துவிட்டாள்.

இன்று சாயங்காலம் நைனா நல்ல தாளும் புது நிப்பும் வாங்கி வந்தார். கம்பெனித் துரை எழுத்தில் உறுதி கேட்டிருக்கிறாராம். அது கிடைத்தால் மீதித் தாங்கிகள் அப்படியே இருக்கும், பட்டறைக்கு அடுத்த வேலையும் வரும். துரையிடம் காட்டுவதற்காக, அப்போது கூடுதலாக வார்த்துப் பட்டறையில் கிடந்த மாதிரித் தாங்கி ஒன்றுக்கு மறுபடியும் சாயம் பூசிவிட்டு வந்திருந்தார்.

"நீங்க அனுப்ச்ச கட்டியிலதான் வார்த்தோம், செம்பு ஒரு பொட்டு கூட இல்லன்னு எழுது. ஜோரா எழுது கண்ணு. தொர பாத்து அசந்து பூடணும்."

"எழுதுற ஆளுங்க கிட்ட குடேன், நைனா."

"வெளியாளு கைக்குப் போவக்கூடாது." குரலை இறக்கி, என் பள்ளிக்கூடப் பையைக் காலால் தள்ளினார். "எங்கயாச்சும் வாயத் தொறந்தே, இது அடுப்புல பூடும். நீ வூட்லயே குந்திகினு இருக்க வேண்டியதுதான்."

பிறகுதான் அந்த மீன் துண்டு.

துரைக்கு இங்கிலீஷில் எழுதிவிட்டேன். உனக்கு எழுத உட்காருவதற்கு முன்னாலேயே எழுதி முடித்துவிட்டேன். எழுத்து மணிமணியாக இருக்கிறது, துரை அசந்துதான் போவார். நீங்கள் அனுப்பிய கட்டியில் இவை வார்க்கப்படவில்லை, பழைய மோட்டார் உலோகத்தில் வார்க்கப்பட்டவை, செம்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். சாயத்தைச் சுரண்டி, அரத்தால் தேய்த்து, காஸ்டிக் காரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், கறுக்கும் என்றும் எழுதியிருக்கிறேன். பார்க்கும் வரை யாரையும் அந்தப் பலகையில் நடக்க விடாதீர்கள் என்பதைத் தனி வரியாக எழுதிக் கோடு போட்டேன். கீழே நைனா கைநாட்டு வைக்க இடம் விட்டிருக்கிறேன்.

நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. காலையில் படித்து அர்த்தம் சொல்லச் சொல்வார். தாளைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்ன பொய்யை அவருக்கே தமிழில் திருப்பிச் சொல்வேன். குரல் நடுங்காமல் இருக்க வேண்டும். அந்தக் கட்டைவிரலில் மையைத் தடவி அழுத்துவார். பிறகு தானே அதை எடுத்துக்கொண்டு போய்த் துரையிடம் கொடுப்பார்.

அதற்கப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறை போகலாம். என் பையும் அடுப்புக்குப் போகலாம். அம்மா என் முகத்தில் விழிக்கமாட்டாள். உன்னைப்போல் "வுடு" என்று சொல்ல எனக்கு வராது.

உன் துண்டு என் பாவாடை முடிச்சில் இருக்கிறது. கொஞ்சம் முன்னால் அதை விளக்கருகில் பிடித்துப் பார்த்தேன். நீ வைத்த சொட்டு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.