பதினொன்றரை மணி போன்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நர்மதாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் ஷேர் ஆட்டோவும் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஜெர்மனிக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க கெங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். நம் தெரு விமல் அடுத்த வாரம் உன் ஊருக்கு வருகிறானாம், மோர்மிளகாயோடு இந்தக் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தீபாவளி சமயத்தில் நீ சொன்னாய், அங்கே பெட்ரோல் நம்மூரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை, ஆபீசுக்குப் போகவர எண்பது கிலோமீட்டர் என்று. ஐந்து பேர் உட்காரும் காரில் நீ ஒருத்தி. எனக்குப் பொறுக்குமா? ஸ்டேஷனுக்கும் சிப்காட்டுக்கும் நடுவே இருபது வருஷமாக ஆள் நிரம்பாமல் வண்டி எடுக்காதவன் நான். 'கூட வேல செய்றவங்கள ஏத்திக்கினு போ, டப்பு மிச்சம்' என்று நான்தான் நச்சரித்தேன். நீயும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டாய். அதுவரை அந்தக் காலி சீட்டில் உட்கார்ந்து வந்தது நான்தான் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. உனக்குக் காலை ஏழு, எனக்குப் பதினொன்றரை, காரை எடுத்ததும் எனக்குப் போன் போடுவாய், ஆபீஸ் போய்ச் சேரும்வரை பேசுவாய். உன் அம்மா போன பிறகு அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்குப் பேச்சு. ரோட்டில் பனி, மேனேஜர் மேல் கோபம், எல்லாம் சொல்வாய். இப்போது, 'எல்லாரும் கீறாங்க நைனா, தமிழ்லயே பேசிக்கினு வந்தா நல்லாருக்காது' என்கிறாய். நியாயம்தான். ஞாயிறானால் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அதோடு சரி. உன் ஈஸ்வரி அத்தை மகன் அன்புராஜ் இருக்கும் குவைத்தில் பெட்ரோல் கொள்ளை மலிவாம், தனியாகத்தான் காரில் போகிறான், வழியெல்லாம் அம்மாவோடு பேச்சு. அவள் வந்து சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன். இன்னமும் பதினொன்றரைக்கு ஸ்டேஷன் வாசலில் வண்டியை ஓரம் கட்டிவிடுகிறேன். பக்கத்து வண்டி குணா, 'பொண்ணு போன் பண்ணாதுன்னு தெரியுதில்ல, சவாரிய உட்டுட்டு இன்னாத்துக்கு குந்திக்கினு கீற' என்று திட்டுகிறான். அவனுக்கென்ன, வீட்டுக்குப் போனால் நாலு பேர் இருக்கிறார்கள்.

கண்ணு, வாரத்தில் ஒரே ஒரு நாள், புதன்கிழமை, அவர்களை வேறு வண்டியில் வரச்சொல்லு. அன்றைய பெட்ரோல் என் செலவு, எத்தனை யூரோ ஆனாலும் சரி. இருபது வருஷத்தில் முதல் தடவையாக நானே சொல்கிறேன், சீட்டு காலியாகவே போகட்டும். பனியில் மெதுவாக ஓட்டு, போனைக் கையில் எடுக்காதே, ஸ்பீக்கரில் போட்டுக்கொள். நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. மறந்துவிடாதே, புதன்கிழமை பதினொன்றரைக்கு நான் சவாரி ஏற்ற மாட்டேன்.

உன் நைனா
வெங்கடேசன்